குட்டி சொன்னதும் நான் சொன்னதும்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சானுக்கு, உங்கள் மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கே எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நிலையில் நான் இல்லை. ஆகவே நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நம் குட்டி வேலைக்குப் போகிறாள். காது கேட்காத பெண், மாதம் பிறந்தால் உதவித்தொகை வருகிறது, அவள் கையால் சொல்வதை நான் ஊருக்கு வாயால் சொல்கிறேன், இத்தனை வருஷமாக என்ன குறை? வேலை ஏற்பாடு செய்யும் அலுவலகத்தில் ஒரு பெண் இருக்கிறாள், தேனாகப் பேசுகிறாள். "தொகை உடனே நிக்காதுங்க. முதல் சில மாசம் பாதி வரும். வேலை ஒத்துவரலைன்னா பழையபடி முழுசா வரும், திரும்ப விண்ணப்பிக்க வேண்டாம். கையால பேசத் தெரிஞ்ச ஆளையும் நாங்களே அனுப்புவோம். அதுவரைக்கும் வீட்லேருந்து யாராவது வரலாம்" என்றாள். இதில் 'ஒத்துவரலைன்னா' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அந்த 'யாராவது' நான்தானே. ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் லாண்டரி அது, இயந்திரச் சத்தத்தில் மண்டை கழன்றுவிடும். மேற்பார்வை அம்மா, "பாரமான கூடையைத் தள்ளுவாளா?" என்று கேட்டார். குட்டி, தள்ளுவேன் என்று கை காட்டினாள். நான், "இளைப்பு வரும்னு சொல்றா" என்றேன். உடனே மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டுவிட்டார்கள். எதற்கு நாற்காலி என்று குட்டி கேட்டாள். புதிதாக வருகிறவர்களுக்கு மரியாதை என்று சொல்லிவைத்தேன். மறுநாள், பெரிய இஸ்திரி உருளையில் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். அதை நான், "வீட்டுக்குப் போகலாமான்னு கேக்கிறா" என்று பெயர்த்தேன். மத்தியானமே அனுப்பிவிட்டார்கள்.

எத்தனை நாள் ஓடும் மச்சான்? அந்த அம்மா குட்டியிடம் நெஞ்சில் கை வைத்து, மூச்சு வாங்குகிற மாதிரி செய்து, தேவலையா என்று சாடையில் கேட்டுத் தொலைத்தார். குட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாக்கட்டி எடுத்துக் கூடை வண்டியில் எழுதினாள்: 'இளைப்பு எனக்கு இல்லை. அப்பாவுக்குத்தான்.'

அதோடு விட்டேனா? துணி காய்ந்தால் மணி அடிக்கும் இயந்திரத்தில், குட்டிக்காக அலுவலகத்தார் சிவப்பு விளக்குப் பொருத்தியிருந்தார்கள். கண்ணுக்கு ஆகாதே என்று அதைக் கைக்குட்டையால் மூடினேன். ஒரு வண்டி நிறையத் துண்டுகள் கருகி அட்டையாய் விறைத்துப்போயின. இப்போது என்னை வாசல் அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். உட்கார முடிகிறதா? எழுந்து எழுந்து எட்டிப் பார்க்கிறேன்.

எட்டிப் பார்த்தால் என்ன தெரிகிறது? அந்தச் சத்தத்தில் ஒருத்தர் கத்துவது ஒருத்தருக்குக் கேட்காதாம், அதனால் எல்லோரும் குட்டியிடம் கைப்பேச்சுக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். என்னைக் கண்டதும் ஆளாளுக்கு வயிற்றில் கை வைத்துக் கரைக்கிற மாதிரி சுற்றுகிறார்கள். உருளைக்காரரிடம், "யாருக்காவது வயிறு சரியில்லையா?" என்று விசாரித்தேன்.

"அது நீங்கதான் சார். உங்க பேரு அதானாமே. எப்பவும் வயித்துல புளியைக் கரைச்சுக்கிட்டே இருப்பீங்களாம், உங்க பொண்ணு சொன்னா."

பெற்ற அப்பனுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். உங்கள் தங்கையோ இதைக் கேட்டு மூச்சு முட்டச் சிரிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். தொகையும் நின்று வேலையும் போனால் பிள்ளை யாரிடம் போய் நிற்பாள்? அவளுக்கு நான் வேண்டாம் என்று ஆகிவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பேன்? மாமா பேச்சை அவள் தட்டமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து, வேலையை விடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை நானே அவளுக்குக் கையால் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் இருக்கட்டும், வேலைக்கு மட்டும் போகவேண்டாம்.

இப்படிக்கு,
வாசல் அறையிலிருந்து, உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம், குட்டிக்கு அன்று வேலை இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உறையை ஒட்டும் நேரத்தில் மேற்பார்வை அம்மா இங்கேயே வந்துவிட்டார். "உங்க பொண்ணை நிரந்தரமாக்கிட்டோம். இனி பெரிய உருளையில வேலை. கைப்பேச்சு ஆள் நாளைக்கு வர்றாங்க. அதனால அப்பா வர வேண்டாம்" என்றார். குட்டி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டாமல் குறைக்காமல் அவ்வளவையும் சொன்னேன், 'அப்பா வர வேண்டாம்' உள்பட. அவள் என்னைப் பார்த்து, 'நன்றி, அப்பா' என்றாள். நான் அந்த அம்மாவிடம், "உங்களுக்கு நன்றி சொல்றா" என்றேன். அது ஒன்றைத்தான் மாற்றிச் சொன்னேன் மச்சான்.