கம்பளத்துக்கு அடியில்

"ஏனுங்க, கறை போக மாட்டேங்குதுங்க!"

செல்வமேரி ஹாலில் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் அருள்சாமிக்குக் கை கால் ஓடவில்லை. பின்னே? கரடியூர் ரோட்டுப் பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து நாலே மாசம். ஒரு வாரமாக வெளியே எதையும் காயப்போட விடாத மூடுபனி. சொந்தச் செடியில் பறித்த காபிப் பழம் பூசணம் பூத்துவிடுமே என்று, நேற்றுக் கரண்ட் இல்லாத இருட்டில் ஹால் கம்பளத்தைச் சுருட்டி, தார்ப்பாய் விரித்துக் கொட்டிவிட்டாள். சேலத்திலிருக்கும் ஓனரம்மாவுக்குத் தெரியாமல்தான்.

காலையில் ஓனரம்மா புஷ்பலதாவின் போன்.

"மத்தியானம் வர்றேன் மேரி. ஹால் கம்பளத்தைச் சுருட்டி வெச்சிரு."

அலறியடித்துப் பழத்தை அள்ளினால், வெள்ளை டைல்ஸில் இத்தாம்பெரிய காபிக்கறை!

"தார்ப்பாய் போட்டுத்தானே காயப்போட்டேன்?"

"ஓட்டைத் தார்ப்பாய் புள்ள. எவனோ போட்டுக் குடுத்துட்டான். இல்லாட்டி கம்பளத்தை ஏன் சுருட்டச் சொல்றாங்க?"

வேலையும் போச்சு, பின்னாடி குடியிருக்கும் ஊடும் போச்சு.

சோப்புத்தூளுக்குக் கறை அசையவில்லை. அருள்சாமி பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினான். கறை அப்படியே இருக்க, டைல்ஸின் பளபளப்புதான் போனது. இடுக்குச் சிமெண்டு வேறு பொரிந்தது.

"தேங்காயெண்ணெய் தடவு. நொம்ப மினுக்கும்."

மினுக்கியது. மறு நிமிஷம் அருள்சாமி வழுக்கி விழுந்து, கையிலிருந்த எண்ணெய் டப்பாவும் கவிழ்ந்தது.

எண்ணெயை உறிஞ்சட்டுமென்று அடுப்புச் சாம்பலை வாரி இறைத்தாள். ஹால் முழுக்கக் கருஞ்சேறு! தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

"அந்தோணியாரே, இந்த ஒருக்கா காப்பாத்துங்க!"

ஹாரன் அடித்தது. ஓனரம்மாவுக்கு முன்னாலேயே அவர் டிரைவர் விஜயகுமார் முதுகில் மூட்டையோடு உள்ளே வந்தான்.

"பார்த்துங்க, வழுக்கும்!" என்றவள் அழுதேவிட்டாள். "தெரியாமப் பண்ணிட்டேனுங்க. காபிக்கறை..."

விஜயகுமார் மூட்டையை இறக்கிவிட்டு ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"எதுக்குங்கக்கா இந்தப் பாடு? அம்மாவோட தலைச்சோலைத் தோட்டத்துக் காபிப் பழம் இன்னும் ஒம்பது மூட்டை வண்டில இருக்குது, இங்கதான் காயப்போடோணும். அந்தக் கறை போன வருசம் அம்மா காயப்போட்டு ஆனதுங்க. அதை மறைக்கத்தானே கம்பளமே வாங்குனாங்க!"