சமர்கந்தில் ஒரு ‘போலாமா’

நான் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது ஊர் பார்க்கவா, இல்லை என் பெண்ணுக்குப் பால் மறக்கடிக்கவா? இரண்டு வருடமாக எனக்கே பதில் தெரியவில்லை. கேட்பவர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி மாற்றிச் சொல்லி, எது உண்மை என்பதே குழம்பிவிட்டது. (பக்கத்து வீட்டு அக்காவிடம் பால் மறக்கடிக்க. கல்லூரித் தோழிகளிடம் செகண்ட் ஹனிமூன்.)

என் கணவர் கீழ்பென்னாத்தூரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். அந்த வருடம் விற்பனை நன்றாக இருந்ததால், கம்பெனி அவரை மனைவியோடு ஒரு வாரம் உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பியது. அந்த நாடு எங்கே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. வேங்கிக்கால் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து போனில் தேடிக் கண்டுபிடித்தோம்.

இனியாவுக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். இட்லி, சோறு எல்லாம் சாப்பிடுவாள். ஆனால் தூங்க, எழுந்திருக்க, கோபம் தீர, சும்மா பொழுது போக, எல்லாவற்றுக்கும் அவளுக்குத் தாய்ப்பால் வேண்டும். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, தீர்ப்புச் சொன்னார்.

“வேப்பெண்ணெ தடவியும் பாத்துட்ட. அவ தொடச்சிட்டுக் குடிக்கிறா. நீ கண்ல படாம இருந்தாதான் மறப்பா. எங்கிட்ட வுட்டுட்டுப் போய்ட்டு வா. வீடியோ கால் மட்டும் பண்ணிடாத. மூஞ்சியப் பாத்தா எல்லாம் கெட்டுடும்.”

நான் எம்.எஸ்ஸி. படித்தவள். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் போனில் வருவதையெல்லாம் படிப்பவள். அதோடு பெரியவர்கள் பேச்சைத் தட்டாதவள். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும்? தலையை ஆட்டிவிட்டு ராத்திரியெல்லாம் யோசிக்கத்தான் முடியும்.

பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டு என்றும் அண்ணி சொல்லியிருந்தார். நான்கு முழம் வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டேன். தாஷ்கண்ட் ஓட்டலில் திறந்தால் உள்ளே டீத்தூள் மாதிரி ஏதோ இருந்தது.

அந்த நாட்டில் என்ன பார்த்தாய் என்று கேட்காதீர்கள். நீல நிறக் குவிமாடங்களுக்கு முன்னால் இவர் என்னை நிறுத்தி எடுத்த படங்களில் எல்லாம் நான் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணியிடமிருந்து தினமும் ஒரே செய்திதான் வரும்: “நல்லா இருக்கா.” அழுது ஓய்ந்து நல்லா இருக்கிறாளா, அழாமலே நல்லா இருக்கிறாளா? அந்த இரண்டு வார்த்தையை அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆனால், அவள் அண்ணி வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு “ம்மா, ம்மா” என்று தெருவைப் பார்ப்பது போலவே தோன்றும். மூன்றாம் நாள் மார்பு கருங்கல்லாகிவிட்டது. கைகளை உடம்பில் படாமல் விரித்துக்கொண்டு பயில்வான் மாதிரி நடந்தேன்.

நான்காம் நாள் சமர்கந்தில் பெரிய சந்தைக்குக் கூட்டிப் போனார்கள். மல்லிகைப்பூ கிடைக்குமா பார்க்கிறேன் என்று இவர் ஒரு பக்கம் போனார். நான் ஒரு முட்டைக்கோஸ் கடை முன்னால் நின்றேன். எங்கேயோ பின்னால் ஒரு குழந்தை அழுதது.

அவ்வளவுதான். அது யார் பிள்ளை, எந்த நாட்டுப் பிள்ளை என்றெல்லாம் என் உடம்புக்குத் தெரியவில்லை. நான் துப்பட்டாவை இழுப்பதற்குள் குர்தா நனைந்துவிட்டது.

தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்த கோஸ்கார அம்மா அதைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து மெதுவாக, “போலா?” என்றார்.

இந்த ஊரில் தமிழா? ‘போலாமா’ என்றுதான் கேட்கிறார், பாத்ரூமுக்குக் கூட்டிப் போகப் போகிறார் என்று நினைத்து, “போலாம், போலாம்” என்றேன். அவர் கைகளைத் தொட்டில் மாதிரி ஆட்டி மறுபடி “போலா?” என்றார். அப்போதுதான் புரிந்தது. அவர்கள் பாஷையில் போலா என்றால் குழந்தை.

எங்கள் ஊர்ச் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கையை ஆட்டி ஆட்டி இளநீர் வாங்குவதைப் பார்த்துச் சிரித்தவள் நான். அதற்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு அனுபவித்தேன். குழந்தை இங்கே இல்லை, விமானத்தில் போகிற தூரத்தில் இருக்கிறாள் என்று காட்ட, உள்ளங்கையை விமானமாக்கி மெதுவாக மேலே, மேலே, வானத்துக்கு ஏற்றிக் காட்டினேன்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. அப்படியே என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். வெங்காயக் கடை அம்மா ஓடி வந்தார், ரொட்டிக் கடை அம்மா ஓடி வந்தார். எல்லாரும் உள்ளங்கைகளை ஏந்தி என் பெண்ணின் ஆத்மாவுக்காக வேண்டிக்கொண்டார்கள். இல்லை இல்லை என்று போனில் இனியாவின் படத்தைக் காட்டினேன். அழுகை இன்னும் ஜாஸ்தியானது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கொஞ்ச நேரத்தில் நானும் சேர்ந்து அழுதேன். நான்கு நாளாகக் கட்டியிருந்தது பால் மட்டும் இல்லை போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து இவர் வந்தார். மல்லிகை கிடைக்காததால் கையில் பத்துச் சிவப்பு ரோஜா.

“ரேவதி, இன்னா ஆச்சு? பஸ் கெளம்பப் போவுது. போலாமா?”

பாவம், தகப்பனும் பிள்ளையைத்தான் கேட்கிறான் என்று அவர்களுக்குப் பட்டிருக்கும். அவரையும் நடுவில் இழுத்துத் தோளைத் தட்டி அழுதார்கள். ரோஜாவோடு திருதிருவென்று நின்றவர், விஷயத்தை நான் விக்கி விக்கிச் சொல்லி முடித்ததும், கொடுத்த வாக்கையெல்லாம் மறந்து அண்ணிக்கு வீடியோ கால் போட்டுவிட்டார்.

மூஞ்சியைப் பார்த்தால் இனியா கதறுவாள், நான்கு நாள் பாடும் வீண். திரையில் வந்தாள். அண்ணி வீட்டு வாசலில் காயப்போட்ட மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். என்னைச் சுற்றியிருந்த பத்து அம்மாக்களையும் பார்த்தாள்.

“ம்மா, டாட்டா” என்றாள். ஒரு மல்லாட்டையை எடுத்துக்கொண்டு கோழி பின்னால் ஓடிவிட்டாள்.

“போலா, போலா” என்று சந்தையே சிரித்தது. கோஸ்கார அம்மா என் முதுகில் செல்லமாக ஓர் அடி போட்டு, நான்கு கோஸ் இலையை உரித்துக் கொடுத்து மார்பைக் காட்டினார். (வைத்துக் கட்டினேன். நன்றாகவே கேட்டது.)

“ரொம்ப அழுதாளா அண்ணி?” என்றேன்.

“மொத நாள் சாயங்காலம் ஒரு தடவ கேட்டா. அதோட சரி. சொன்னா நீதான் ஏங்கிப் போய்டுவன்னு சொல்லல.”

பஸ்ஸில் ஏறியபோது, ரோஜாவைப் பார்த்து மற்ற டீலர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அழக்கூடாது என்று அத்தனை சாமியையும் வேண்டியவள்தான். ஆனாலும் ஒரு இரண்டு நாளாவது அழுதிருக்கலாம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போதும் இவர் “போலாமா?” என்றால் போதும், அண்ணியில் ஆரம்பித்து எல்லாரும் கைகளை ஏந்தி ஒப்பாரி வைக்கிறார்கள். மண்டபத்து வாசலில்கூட ஒரு தடவை நடந்தது. இனியாவுக்கு அர்த்தம் தெரியாது. அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுது காட்டுவாள்.

இப்போது அவளுக்கு நான்கு வயது ஆகப் போகிறது. சனிக்கிழமை ஆனால் அத்தை வீட்டுக்குப் போயாக வேண்டும். தன் பையைத் தானே எடுத்து, அப்பாவின் வண்டியில் முன்னால் ஏறி நின்றுகொள்வாள். தெருமுனை திரும்பும் வரை நான் வாசலில் நிற்பேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள்: அவளை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்க வைக்க என்ன செய்யலாம்? அப்படிச் செய்யலாமா, கூடாதா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.