இரண்டு சீட்டுத் தீர்மானம்

கார் வாங்குவது என்று ஒரு வெள்ளிக்கிழமை தீர்மானித்தேன். சும்மா ஒரு கார் அல்ல. இரண்டே பேர் உட்காருகிற கார். மூன்றாவது ஆசாமி விரல் வைக்கக்கூட அதில் இடம் இருக்கக் கூடாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் தோல் மண்டி வைத்திருப்பவன். பெயர் பீர் முகமது. கடையில் தோல், வீட்டில் தோல்வி. பத்து வருஷமாக இதுதான் என் பிழைப்பு. தோற்கடிப்பவள் என் மனைவி சைனப். அவள் சத்தம் போட மாட்டாள். பாத்திரத்தை உருட்ட மாட்டாள். "உங்க இஷ்டம்" என்பாள். அதைக் கேட்டதும் அவள் இஷ்டப்படியே செய்துவிடுவேன்.

சைனபுக்கு நான் பயப்படுவது ஒரு பங்கு என்றால், என் மாமனாருக்குப் பயப்படுவது பத்துப் பங்கு. அவர் சமயநல்லூர் அப்துல் வஹீது ராவுத்தர். முப்பது வருஷம் சர்க்கார் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். அப்போது சங்கிலியால் அளந்தார். இப்போது வாயால் அளக்கிறார். எந்த நிலத்தைப் பார்த்தாலும் அதன் சர்வே நம்பர், நாலு எல்லை, அதில் எந்த அண்ணன் எந்தத் தம்பியை ஏமாற்றினான் என்பதெல்லாம் வந்து கொட்டும். நடுவில் எழுந்து போனால் பின்னாலேயே வந்து சொல்வார்.

என் தீர்மானம் மனசுக்குள் சூடு ஆறுவதற்குள் சைனபுக்குத் தெரிந்துவிட்டது.

"காரு வாங்கப் போறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"உங்க மூஞ்சி சொல்லுது. சலூன் காரா வாங்குங்க."

"சலூனா? உள்ள வச்சுச் சவரம் பண்ணுவாங்களே, அதுவா?"

"வெளாடாதீங்க. நாலு பக்கமும் மூடியிருக்குமாம். ஜன்னலுக்குத் திரை போட்டிருக்குமாம். நான் எங்கயும் போலாம், வரலாம். அஞ்சு பேரு தாராளமா உக்காரலாம். அத்தாவை நெனச்ச நேரம் கூட்டியாரலாம்."

நெனச்ச நேரம்! தகப்பனாரைச் சைனப் நினைக்காத நேரமே கிடையாது.

"பாப்போம். ரெண்டு மூணு வண்டிய ஓட்டிப் பாத்துட்டு எது நல்லதோ அதை வாங்குவோம்" என்றேன், நீதிபதி மாதிரி.

"உங்க இஷ்டம்" என்றாள்.

மறுநாள் மோட்டார் ஏஜெண்டிடமிருந்து ஹரிராம் வந்தார். கோட்டு, பட்டுக்கரை அங்கவஸ்திரம், கையில் மூன்று படப் புத்தகங்கள். பேச்சில் நெய் சொட்டும்.

"அண்ணே, இது வெல்போர்ன் சலூன். இதை நான் காருன்னே சொல்ல மாட்டேன்."

"பின்னே?"

"அரண்மனை. நாலு சக்கரம் மாட்டின அரண்மனை."

"இது?"

"டாமினோ டூரிங். மேல துணிக் கூரை. காத்து நல்லா வரும்."

"மழை?"

"அதுவும் நல்லா வரும்ணே."

"இந்தச் சின்ன வண்டி?"

"பிப்பினா? ரெண்டு சீட்டு." ஹரிராம் மோவாயைத் தடவினார். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று தவித்தார். கடைசியில், "அதுவும் காருதாண்ணே" என்றார்.

பிப்பினை முதலில் ஓட்டிப் பார்த்தோம். கம்பெனி டிரைவர் மருது ஓட்டினான். நான் பக்கத்தில் என்னை மடித்து வைத்துக்கொண்டேன். முழங்கால் இரண்டும் தாடியைத் தொட்டன. துருக்கித் தொப்பி துணிக்கூரையில் இடித்து மூக்குவரை இறங்கியது. தல்லாகுளத்தில் கலெக்டர் கச்சேரிப் பக்கம், எண்ணெய் தடவின மாதிரி இருக்கும் ரோட்டில்தான் போகச் சொல்லியிருந்தேன். அந்த ரோட்டிலும் அது வெட்டுக்கிளி மாதிரி குதித்தது. வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னால், குனிந்து பார்த்தார்கள்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்றாள் சைனப்.

"தொட்டில்" என்றேன். "தூக்கம் வந்துருச்சு."

அடுத்தது வெல்போர்ன். சைனப் வாயில் அந்தப் பேர் நுழையவில்லை; 'வெள்ளிப்பூண்' என்றாள். அது வாசலில் வந்து நின்றபோது தெருவே வெளியே வந்துவிட்டது. கறுப்பு. கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் என் தொந்தி எனக்கே தெரிந்தது. கதவைச் சாத்தினால் சத்தமே இல்லை. பெரிய மனிதன் வாயை மூடின மாதிரி ஒரு 'டொப்', அவ்வளவுதான். உள்ளே கூரையில் விளக்கு. ஜன்னலோரம் பூச்செருகக் கண்ணாடிக் குவளை. கை வைக்கத் திண்டு. ஜன்னலுக்குப் பாக்குக் கலரில் பட்டுத் திரை. சீட்டைத் தடவிப் பார்த்தேன். சதை நிறைந்த முதல் தரத் தோல்; என் ஆயுசில் அப்படிப் பதம் போட்டது நாலு தடவைதான் கையில் பட்டிருக்கிறது. கை எடுக்க மனசு வரவில்லை. ஒரு நிமிஷம் என் தீர்மானம் ஆடிவிட்டது.

அப்போது பின் சீட்டில் மாமனார் உட்கார்ந்திருப்பது மனக்கண்ணில் தெரிந்தது. தீர்மானம் நிமிர்ந்தது.

"தோல் சரியில்லை. ஆறு மாசத்துல வெடிச்சிரும்" என்றேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

மருதுவைத் தனியே கூப்பிட்டு, "திருவாதவூருக்கு விடு. ரோட்டு வழியா வேண்டாம். வண்டித் தடத்துல விடு. ஒரு குழியையும் தப்ப விடாதே. உனக்கு என் மண்டித் தோலுல ஒரு ஜோடி செருப்பு" என்றேன்.

"அண்ணே, அந்தத் தடத்துல மாட்டு வண்டியே மொனங்கும்."

"அதான் வேணும்."

நான் முன்னால் உட்கார்ந்தேன். சைனப் பின்னால் திரைக்குள். ஊர் தாண்டி வண்டித் தடத்தில் இறங்கினோம். முதல் குழி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி அன்னம் மாதிரி இறங்கி, அன்னம் மாதிரி ஏறியது. இரண்டாவது குழி. மூன்றாவது. பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"பெரிய குழியாப் பாரு" என்று மருது காதைக் கடித்தேன்.

"இதுக்கு மேல கெணறுதாண்ணே."

திருவாதவூரில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, மனம் உடைந்து மோர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து ஏறினேன். வண்டி நகர்ந்தது, அவ்வளவுதான்:

"அம்மாடி!"

"என்ன சைனப்?"

"ஒண்ணுமில்லங்க... ஆத்தாடி! இடுப்பு... யா அல்லாஹ்! எலும்பெல்லாம் தனித்தனியாப் போச்சுங்க!"

ஊர் வரும்வரை அலறல். சில சமயம் குழிக்கு முன்னாலேயே அலறல் வந்தது. அது முன்ஜாக்கிரதை என்று எடுத்துக்கொண்டேன். போகும்போது இல்லாத குலுக்கல் வரும்போது எப்படி வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஜெயிக்கிறவன் எங்கே யோசிக்கிறான்? எனக்கோ ஜெயித்துப் பழக்கமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சைனப், "வேணாங்க அந்த வண்டி. எனக்குக் குதிரை வண்டியே போதும். உங்களுக்குப் பிடிச்ச தொட்டிலையே வாங்கிக்கங்க" என்றாள்.

பத்து வருஷத்தில் முதல் வெற்றி! அன்றைக்கே பிப்பினை வாங்கினேன். பதினைந்தே நாளில் மருதுவிடம் ஓட்டவும் கற்றுக்கொண்டேன். ஒரு சீட்டில் நான். இன்னொரு சீட்டில் என் குடை. ஒரு வாரம் நவாப் மாதிரி மண்டிக்குப் போய் வந்தேன். கால் மரத்துப் போகும், இருந்தாலும் நவாப்தான்.

எட்டாம் நாள் காலையில் வெளியே வந்தால், என் குடை தரையில் கிடந்தது. சீட்டில் மாமனார் இருந்தார்.

"வாங்க மாப்ள. ஒரு எடம் சும்மாவே போகுதாமே. நானும் ஊர்ல சும்மாதான இருக்கேன்? ஒரு மாசம் இருந்து உங்ககூடத் தொணைக்கு வாரேன்."

மாமனார் அகலமான மனிதர். தோளோடு தோள், தொடையோடு தொடை. கியர் போட வேண்டுமானால் அவர் முழங்காலை நகர்த்த வேண்டும். முழங்காலை நகர்த்தச் சொன்னால் அவர் பேச்சை நிறுத்த வேண்டும். அது நடக்காத காரியம். ஆகவே மூன்று வாரமும் முதல் கியரிலேயே ஓட்டினேன்.

"மாப்ள, சங்கிலிக் கணக்குல எடது பக்கம் பத்து லிங்க்ஸ் தள்ளி ஓட்டுறீங்க."

"சரிங்க மாமா."

"அந்தா தெரியுதே பருத்திக் காடு, சர்வே நம்பர் நூத்திப் பதினாலு. அதுல மூத்தவன் என்ன பண்ணினான்னா... நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"என்ன மாமா?"

"எல்லைக் கல்லை எவனோ நகத்தி வச்சிருக்கான்!"

கல்லைப் பார்க்க இறங்குவார். காலால் அடி வைத்து அளப்பார். காட்டுக்காரன் வருவான். இவர் நியாயம் சொல்வார். அவன் வேறு மாதிரி சொல்வான். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பெரிய தோல் ஏலத்துக்குக் கிளம்பினேன். நாலு எல்லைக் கல்லைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது அங்கே வாசனை மட்டும்தான் மிச்சம் இருந்தது. வருஷாவருஷம் எனக்கு வருகிற சரக்கு அது. அதை வாங்கின போட்டிக்காரன் என்னைப் பார்த்துச் சலாம் வைத்தான்.

அவர் வந்த இருபத்திரண்டாம் நாள் நான் உடைந்தேன். சைனப் சமையல்கட்டில் இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"சைனப், இந்தச் சின்ன வண்டிய மாத்திருவோம். அந்த வெள்ளிப்பூண் இருக்குல்ல..."

"ஐயோ, அதுவா? தூக்கித் தூக்கிப் போடுதேங்க."

"போடாது."

"தோலு ஆறு மாசத்துல வெடிச்சிரும்னீங்க?"

"வெடிக்காது. அறுபது வருஷம் உழைக்கும். நான் தோல் வியாபாரி, எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கு என்ன வியாபாரங்க பண்ணுனீங்க?"

நான் இஞ்சித் தோலைப் பொறுக்கினேன். அவள் இஞ்சியைக் கீழே வைத்தாள்.

"இந்த வண்டி தொட்டிலு மாதிரி இருக்குன்னீங்களே?"

"தொட்டில்தான். எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்ட தொட்டில்! மாமாவுக்கு எடம் பத்தலை. அந்தப் பெரிய வண்டின்னா அவரு பின்னால, நான் முன்னால. நடுவுல கொஞ்சம் தூரம் கெடைக்கும். கெஞ்சிக் கேக்குறேன் சைனப்."

"என் இடுப்புப் போயிருமேங்க."

வேறு வழியில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வண்டித் தடம், குழி, செருப்பு, எல்லாம். சைனப் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நீங்க மோரு குடிக்கப் போனீங்கல்ல, அப்ப மருதுகிட்டக் கேட்டேன். பாவம், ரெண்டாவது கேள்வியிலயே அழுதுட்டான்."

"அப்ப அம்மாடி, ஆத்தாடின்னு அலறினது?"

"நீங்க அம்புட்டு மெனக்கெட்டிருந்தீங்க. ஒங்க மனசு நோகக் கூடாதுன்னுதான். வண்டி அலுங்கவே இல்லங்க. போகையில என் மடியில ஒரு தூக்குல தண்ணி வச்சிருந்தேன். ஒரு சொட்டுச் சிந்தலை. அந்தத் தடத்துலயே சிந்தலைன்னா மத்த ரோட்டுல சிந்துமா? நீங்க மட்டும் நல்ல ரோட்டுல கூட்டிப் போயிருந்தா எனக்கு இம்புட்டு விவரம் தெரிஞ்சிருக்காது."

நான் பக்கத்திலிருந்த அம்மி மேலேயே உட்கார்ந்தேன்.

"அப்ப மாமா?"

"அத்தா எங்க தானா வந்தாங்க? நான்தான் கடுதாசி போட்டேன்."

அடுத்த புதன்கிழமை பிப்பின் போயிற்று, வெல்போர்ன் வந்தது. ஓட்ட மருதுவையே வைத்துக்கொண்டோம். பெரிய வண்டியை என்னிடம் கொடுக்க சைனபுக்கு மனசில்லை. ஹரிராம் மாலை போட்டார். எனக்கு அல்ல, காருக்கு.

முதல் சவாரி சமயநல்லூருக்கு. மாமனாரை ஊரில் கொண்டுபோய் விட்டு, அங்கேயே விருந்து. நான் மண்டியைப் பூட்டிவிட்டு, புதுச் சட்டை போட்டு, அத்தர் தடவி வாசலுக்கு வந்தேன். முன்னால் மருதுவும் மாமனாரும்; அவருக்கு வயல் தெரிய வேண்டுமாம். பின்னால் சைனப், அவள் தங்கை லத்தீபா, லத்தீபாவின் மூன்று பிள்ளைகள். ஜன்னலோரமாக, துணி கட்டின பிரியாணி தேக்சா.

"நான் எங்க உக்கார்றது?"

"அஞ்சு மணிக்கு ஒரு ரயிலு இருக்குல்லங்க" என்று சொல்லிவிட்டுச் சைனப் பட்டுத் திரையை இழுத்து விட்டாள்.

சொந்தக் கார் என்னுடையது. ஏறிப் போனவர்கள் சொந்தக்காரர்கள். நான் மூன்றாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தபோது தேக்சா காலி.