ஒங்கவீட்டார் கம்ப்யூட்டர் வாங்கிய கதை

ஒரு படுக்கை விரிப்பு வாங்குவதற்காகக் கடைக்காரரின் வீட்டுக் கட்டில்வரை விசாரித்துவிட்டு வந்த மனிதர் இந்தத் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அவருக்குக் கீழே நான் வேலை பார்த்திருக்கிறேன்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்திருக்க வேண்டும். இராமேஸ்வரத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. மீன் மார்க்கெட்டிலிருந்து பெயிண்ட் கடைவரைக்கும் அவர் ‘ஒங்கவீட்டார்’தான். எந்தக் கடைக்குள் போனாலும் முதல் கேள்வி, “ஒங்க வீட்ல எது இருக்கு?” அதற்குப் பதில் வராமல் பையிலிருந்து கை வெளியே வராது.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். இரண்டு பக்கமும் வருத்தமில்லை. அதன் பிறகு உப்பளம், இறால் பண்ணை, கருவாட்டு லாரி. லாரி ஒருநாள் பாம்பனில் பழுதாகி நின்றது. டிரைவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. நடந்தும், ஒரு ஆட்டோவில் தொற்றியும் கோயில் பக்கம் போனபோது ஒரு லாட்ஜ் வாசலில் இவர் வாளி கழுவிக்கொண்டிருந்தார். அவர்தான் மேனேஜர் என்பது சம்பளம் வாங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

லாட்ஜ், நயினார்கோவில் பக்கம் நிலபுலன் உள்ள ஒரு அம்மாவுடையது. முதலாளியம்மா அமாவாசைக்கு அமாவாசை வந்து தீர்த்தமாடி, லாட்ஜை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். சோப்பு, விளக்குமாறு, தலையணை, தண்ணி மோட்டார் என்று வாங்குகிற பொறுப்பெல்லாம் ஒங்கவீட்டாருடையது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் அவர் குடியிருந்தார். அதைத் தவிர அவருக்கு வேறு வீடு கிடையாது. ஊரில் உள்ளவர் வீட்டையெல்லாம் விசாரித்த மனிதருக்கு வீடில்லை என்பதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும்தான்.

“விக்கிறவன் வாயி ஆயிரம் சொல்லும்லே. அவன் வீட்ல கெடக்குற சாமானுக்கு வாயி இல்ல. அதனால அது பொய் சொல்லாது” என்பார்.

இந்த முறையில் சில சங்கடங்கள் உண்டு. எதிரே உள்ள டீக்கடையில் முதல் நாளே கேட்டிருக்கிறார். “மாஸ்டர், நீங்க எந்த டீ குடிப்பீங்களோ அதைப் போடுங்க.”

“நான் டீ குடிக்கிறதில்லண்ணே. வயித்துக்கு ஆகல. சீரகத் தண்ணிதான்.”

அன்றிலிருந்து ஒங்கவீட்டாரும் அந்தக் கடையில் சீரகத் தண்ணிதான். டீக்கு உள்ள காசைக் கொடுத்துவிட்டுச் சீரகத் தண்ணி குடித்த வாடிக்கையாளரை மாஸ்டர் கடைசிவரை சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

லாட்ஜ் ஆட்களுக்கு மீன் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு பாம்பன் போனார். வரிசையாக நகரை மீனும் ஊளி மீனும் கிடந்தன. விற்கிற அம்மாவிடம் வழக்கமான கேள்வி.

“எங்க வீட்லயா? முருங்கக்கா சாம்பாரு” என்றது அந்த அம்மா. “விடிஞ்சா அடைஞ்சா மீனைக் கட்டி அழுவுறேன். வீட்லயும் அதையே திங்கச் சொல்றீகளா?”

நாங்கள் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினோம். சமையல்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒங்கவீட்டாரோடு பேசாமலிருக்க முடியாது, அவர் மேனேஜர்.

விரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துகிறவனுக்குச் சத்துரு விரிப்புதான். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளித்துவிட்டு வருகிறவர்கள், ஈரத்துணியோடு கட்டிலில் உட்காராதீர்கள் என்று எத்தனை பாஷையில் எழுதி ஒட்டினாலும், அதைப் படித்துக்கொண்டே உட்காருவார்கள். அதோடு உப்புக்காற்று. நாலு மாதத்தில் விரிப்பு அப்பளமாகிவிடும். மடித்தால் ஒடியும்.

இராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் பெரியபட்டினத்து பாய். கடைப் பையன்கள் விரிப்புகளை வீசி வீசி விரித்தார்கள். இது சுத்தப் பருத்தி, இது கலப்பு, இது சுருங்காது, இது சாயம் போகாது என்று பாய் சொல்லிக்கொண்டே போனார். ஒங்கவீட்டார் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை.

“பாய், ஒங்க வீட்டுக் கட்டில்ல எது கெடக்கு?”

பாய் யோசித்தார். “தெரியலையே. போய் விழுந்தா தூக்கம். எவன் பாத்தான்?”

“அப்ப பாத்துருவோம்.”

பாய் மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குக் கிளம்பும் நேரம். அவருடைய சரக்கு வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டோம். ஏற வேண்டாம் என்று அவர் சொல்லத்தான் செய்தார்.

பெரியபட்டினத்தில் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு பாய் உள்ளே போனார். உள்ளேயிருந்து பேச்சுக் கேட்டது.

“யாரு வந்திருக்கா?”

“லாட்ஜ்காரக. நம்ம கட்டில் விரிப்பைப் பாக்கணுமாம்.”

“எதுக்கு?”

“எனக்கும் அதான் விளங்கல.”

கதவு இடுக்கு வழியாக விரிப்பு வெளியே வந்தது. வழவழவென்று பூப்போட்ட விரிப்பு. துபாயில் வேலை செய்யும் மகன் வாங்கி வந்ததாம். ஒங்கவீட்டாருக்கு முகம் சுருங்கிவிட்டது. சொந்தக் கடை விரிப்பைக் கடைக்காரரே விரிக்கவில்லை. துபாய்க்குப் போய் விரிப்பு வாங்க முடியாது. திரும்பிவிடுவார் என்று நினைத்தேன்.

“பாய், ஒங்க மகன் அங்கன எதுல படுக்கிறாரு?”

பாய்க்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. போனில் மகனை முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டார். அவனுக்கு அன்று லீவு. தூக்கக் கலக்கத்தோடு வந்தவன், வாசலில் தெரியாத இரண்டு பேரோடு வாப்பா நிற்பதைப் பார்த்துப் பதறிவிட்டான்.

“வாப்பா, யாருக்கும் என்னமும் ஆயிருச்சா?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீ எதுல படுத்திருக்க, காட்டு.”

அவன் பயந்துகொண்டே போனைத் திருப்பினான். நாலு பேர் தங்கும் அறை. இரும்புக் கட்டில். அதில் நீலக் கட்டம் போட்ட, வெளுத்துப்போன ஒரு பருத்தி விரிப்பு.

“இது எங்கனடா வாங்குன?”

“நம்ம கடையிலதான் வாப்பா. உம்மா பொட்டியில வச்சு விட்டாக. வருசக்கணக்காக் கெடக்கு, கிழிய மாட்டேங்குது. நல்லா இருக்கவும்தான் ஒங்களுக்குப் பூப்போட்டது வாங்கியாந்தேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தின் நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒங்கவீட்டாருக்குப் பிடிபட்டது. “அதுல லாட்ஜ் முழுசுக்கும் குடுங்க” என்றார். கடையில் அது அடித்தட்டில், யாருக்கும் காட்டாமல் கிடந்தது. பாய் வீட்டு அம்மா சாப்பிடாமல் எங்களை விடவில்லை. அந்த விரிப்பு நான் இருந்தவரை கிழியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாய் சிநேகமானது இப்படித்தான்.

கம்ப்யூட்டர் வந்தபோதுதான் எல்லாம் கெட்டது.

தங்குகிறவர்கள் விவரத்தை இனிமேல் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், பில்லும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று முதலாளியம்மா சொன்னார். ஒங்கவீட்டார் வாங்குகிறேன் என்று சொல்லிச் சொல்லி நாலைந்து அமாவாசை போய்விட்டது. ஆனி அமாவாசைக்கு வந்தபோது அந்த அம்மா குரலை உயர்த்தாமல் பேசினார்.

“ஆடி அமாவாசைக்குள்ள கம்ப்யூட்டர் வந்து ஓடணும். ஓடலைன்னா எங்க அண்ணன் மகன் வந்து மேனேஜரா உக்காருவான். அப்பறம் என்னையக் குறை சொல்லக் கூடாது.”

மேனேஜர் வேலை போனால் மாடிப்படி அறையும் போகும். அதை அந்த அம்மாவும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் இராமநாதபுரம் போனோம்.

கம்ப்யூட்டர் கடையில் இருந்த தம்பி மரியாதையான பிள்ளை. எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வேகம், ஞாபகசக்தி எல்லாம் விளக்கினார். முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒங்கவீட்டார் கேட்டார்.

“ஒங்க வீட்ல எது வச்சிருக்கீங்க?”

“வீட்ல கம்ப்யூட்டர் இல்லண்ணே. எல்லாம் போன்லயே பாத்துக்கிறது.”

ஒங்கவீட்டார் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். மீன்காரம்மா மாதிரி இந்தக் கடைக்காரர் வீட்டிலும் பொருள் இல்லை. முருங்கைக்காய் மாதிரி மாற்றி வாங்கிப் போகவும் வழியில்லை. வெறுங்கையோடு திரும்பினால் வேலை இருக்காது. அப்போது கல்லா மேசைமேல் அவர் கண் போனது. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர். திரையின் நெற்றியில் சந்தனம், குங்குமம். எழுத்துகள் பாதி அழிந்த கீபோர்டு. அதில்தான் அந்தத் தம்பி பில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அது?”

“அது விக்கிறதுக்கு இல்லண்ணே. நாங்க பில் போடுறது.”

“அதத்தான் கேக்குறேன்.”

“அண்ணே, அது பழசு. அதே விலைக்குப் புதுசே தாரேன்.”

“புதுச நீங்க வச்சுக்கங்க தம்பி. பழகுனதை எனக்குக் குடுங்க.”

அன்றைக்கு முடியவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தோம். வருகிற ஆட்களிடமெல்லாம் ஒங்கவீட்டார், “இவரு வீட்ல கம்ப்யூட்டர் கெடையாது, தெரியுமா?” என்று தகவலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அந்தத் தம்பி கும்பிட்டு, கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

“எங்க கடைப் பேரு உள்ள இருக்குண்ணே. எங்க பில் கணக்கையெல்லாம் எடுத்துட்டு, ஒங்க லாட்ஜ் பேரை மாத்திக் குடுத்துர்றேன்.”

“கணக்கை எடுத்துக்கங்க. மத்த எதுலயும் கை வைக்காதீங்க. ஒங்களுக்கு எப்படி ஓடுச்சோ அப்படியே ஓடட்டும்.”

நீலக் கட்ட விரிப்பில் சுற்றி, மடியில் வைத்து, பாம்பன் பாலத்தில் காற்றுப் படாமல் அணைத்துக்கொண்டு வந்தார்.

ஆடி அமாவாசை. லாட்ஜில் கால் வைக்க இடமில்லை. முதலாளியம்மா அண்ணன் மகனோடு வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அறையைக் காலி செய்து பில் கேட்டது. ஒங்கவீட்டார் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினார். பிரிண்டர் உறுமியது. பில் வந்தது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

சேலத்துக்காரர் பில்லைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“மேலே கம்ப்யூட்டர் கடைன்னு போட்டிருக்கே?”

“அது தலைப்பு சார். கீழ பாருங்க.”

கீழே இருந்தது: இரட்டைப் படுக்கை அறை, எண்ணிக்கை ஒன்று. வாரண்டி ஒரு வருடம். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

“ஏங்க, ரூமை எனக்கு வித்துட்டீங்களா?”

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். “தண்ணி பட்டா வாரண்டி செல்லாதுன்னு வேற போட்டிருக்கு. நாம ஈரத்தோட இல்ல உக்காந்தோம்?”

ஹாலே சிரித்தது. அண்ணன் மகனும் சிரித்தான். முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. பில்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஊரான் வீட்டையெல்லாம் பாத்துப் பாத்து வாங்குனீக” என்றார். “நம்ம வீட்டுக்கு என்ன வேணும்னு ஒருநா பாத்தீகளா?”

ஒங்கவீட்டார் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து அண்ணன் மகனிடம் கொடுத்தார். அவன் நல்ல பையன்தான். பத்தே நிமிடத்தில் பெயரை மாற்றி, வாரண்டியைத் தூக்கி, ஒழுங்கான பில் போட்டுவிட்டான். அந்தக் கம்ப்யூட்டரும் இன்றுவரை ஓடுகிறதாம். ஓடியதால் யாருக்கும் வேலை திரும்பி வரவில்லை.

மதியத்துக்குமேல் பாய் லாட்ஜுக்கான துண்டுக்கட்டுகளோடு வண்டியில் வந்து இறங்கினார். வாசலில் துணிப்பையோடு நின்றவரைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

“நம்ம கடைக்கு வாங்க. கொள்முதலுக்கு ஒரு ஆளு வேணும். மாடியில ரூம் சும்மாத்தான் கெடக்கு, தங்கிக்கலாம்.”

போக்கிடம் இல்லாத மனிதர் என்ன சொல்ல வேண்டும்?

“அந்த ரூம்ல யாரு படுக்கிறா பாய்?”

“யாரும் படுக்கல. அதான் சும்மா கெடக்குங்கிறேன்ல?”

“நீங்க படுத்திருக்கீங்களா?”

“நான் எதுக்கு அங்கன படுக்கிறேன்? எனக்கு வீடு இருக்குல்ல!”

“யாருமே படுக்காத எடத்தை எப்படி பாய் ஒத்துக்கிறது? யோசிச்சுச் சொல்லுறேன்.”

பாய் என் பக்கம் திரும்பினார். “என்னப்பா ஆளு இவரு? இன்னைக்குப் படுக்க எடம் இருக்கா இவருக்கு?”

இல்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர் வீட்டைக் கேட்டே பழகிய மனிதர், பழக்கத்தை விட முடியாமல் தெருவில் நிற்கப் போகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பேருந்து நிலையத்தில் கொசு அதிகம். நான் படுத்துப் பார்த்திருக்கிறேன்.

“அண்ணே, இன்னைக்கு நான் போய்ப் படுத்துப் பாக்குறேன். நீங்க ஒருநா மட்டும் டீ மாஸ்டர் வீட்ல இருங்க. காலையில சொல்லுறேன்” என்றேன். அண்ணன் மகனிடம் வேலையை விடுவதாகச் சொன்னேன். அவன் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான்.

பாயின் மாடி அறைக்குத் தகரக் கூரை. ஒரு ஜன்னல், அதுவும் பாதிதான் திறக்கும். மூலையில் துணிக்கட்டுகள். உப்பு மூட்டைமேல் படுத்துத் தூங்கியவனுக்கு அது குறைச்சலில்லை. காலையில் போன் செய்தேன். ஜன்னல் எந்தப் பக்கம், கூரை ஒழுகுமா, தண்ணீர் வருமா என்று வரிசையாகக் கேட்பார் என்று எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

“நீ படுத்தியா?” என்றார்.

“படுத்தேண்ணே.”

“தூங்குனியா?”

“தூங்குனேன்.”

“சரி. வாரேன்.”

பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். மாடிக்கு ஏறிப் பார்க்கவில்லை. துணிப்பையை என் கையில் கொடுத்து, “மேல வச்சிருலே” என்று சொல்லிவிட்டு நேராகக் கடைக்குள் போனார். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்குமேல் தங்கிப் பழக்கமில்லாத நான், அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது, இரண்டு பேர் படுக்க அங்கே எப்படி இடம் ஒதுக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.