நாக்கில் இறங்கிய இங்கிலீசு

எழுபத்தெட்டாம் ஆண்டில் திருகோணமலைக்காரருக்கு இங்கிலீசு படிக்கப் புத்தகம் தேவைப்படவில்லை. நாக்கு இருந்தால் போதும். அன்புவழிபுரத்து அருளம்பலச் சுவாமி தங்க ஊசியைத் தேனில் தோய்த்து நாக்கில் எழுதிவிடுவார். பிறகு அவர் தரும் ஐந்து இரகசிய மந்திரங்களை நாற்பத்தொரு நாள் செபிக்க வேண்டும். அர்த்தம் கேட்டால் பலிக்காது. எவ்வளவு வசதியான சட்டம்!

கிண்ணியாவிலிருந்தும் சம்பூரிலிருந்தும் படகேறிச் சனம் வந்து குவிந்தது.

அன்று சனத்துக்குப் பேசிக்காட்ட மேடையில் நின்றவள், நாற்பத்தொரு நாள் செபித்து முடித்த யோகமலர். திங்கட்கிழமை அவளுக்குக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் டெலிபோன் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. தகப்பன் கடலோடு போனபின் வீட்டில் உழைக்க வேறு ஆளில்லை. சுவாமியை நம்பி இங்கிலீசு டியூசனையும் நிறுத்திவிட்டாள், பாவம்.

சுவாமி ஆசீர்வதிப்பதுபோல் கையை உயர்த்தி இங்கிலீசில் கேட்டார். அவள் மடமடவென்று பதில் சொன்னாள். ஐந்து கேள்வி, ஐந்து பதில். கைதட்டல் துறைமுகம்வரை கேட்டிருக்கும்.

அதே ஏஜென்சியில் டெலிபோன் எடுக்கும் சிவகாமிப்பிள்ளை எழுந்தாள். அவளுடைய கண் சுவாமியின் விரல்களில் இருந்தது.

"பிள்ளை, சுவாமிக்கு முதுகைக் காட்டி நில்லும். சுவாமி, இப்ப கேளுங்கோ."

"குருவுக்கு முதுகு காட்டக் கூடாது!" சுவாமி பதறினார்.

"டெலிபோனில முகம் தெரியாது, சுவாமி."

சனம் சிரித்தது. சுவாமி வேறு வழியின்றிக் கேட்டார். யோகமலர் வாய் திறக்கவில்லை.

"ஏன் பிள்ளை?"

"எத்தினை விரல் எண்டு தெரியேல்லையே, அக்கா! ஒரு விரல் காட்டினா முதலாம் மந்திரம், ரெண்டு காட்டினா ரெண்டாம் மந்திரம்..."

அந்த மந்திரங்கள்தான் இந்தப் பதில்கள்!

சிவகாமிப்பிள்ளை சுவாமியின் பக்கம் திரும்பினாள். கப்பலில் குடிதண்ணீர் முடிந்துவிட்டது, தண்ணீர்ப் படகு எப்போது வரும் என்று இங்கிலீசில் கேட்டாள்.

"எனக்கு இப்ப மௌன விரதம்!" என்று சுவாமி சத்தமாக அறிவித்தார்.

யோகமலர் அழுதாள். "திங்கக்கிழமை நான் என்னெண்டு போறது, அக்கா?"

சிவகாமிப்பிள்ளை அதே கேள்வியை அவளிடம் கேட்டாள். யோகமலர் டியூசனில் படித்ததை யோசித்தாள். விளங்கவில்லை, தயவுசெய்து மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள் என்று தட்டுத்தடுமாறி இங்கிலீசில் சொன்னாள்.

"இதுதானம்மா இங்கிலீசு! நானும் ஒரு நாளைக்கு இருபது தரம் இதைத்தான் சொல்லுறனான். நாளைக்கு முழுக்க என்னோட கதைச்சுப் பழகும்."

சனம் கலைந்தது. ஒரு பெரியவர் மட்டும் சுவாமியிடம் போய், "கணக்குப் பாடத்துக்கும் எழுதுவீங்களோ?" என்று குசுகுசுத்தார்.

விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வந்துவிட்டது. ஐயாமாரே, நீங்களும் ஒருமுறை சொல்லிப் பாருங்களேன், தமிழிலாவது!