பூஜ்யத்துக்கு ஒரு வாளி

சர்க்கார் ஊருக்கு ஒன்றைச் சொன்னால், அதைச் சர்க்கார் ஊழியன் முதலில் தன் வீட்டில் செய்து காட்ட வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் இந்த நெறியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர் ஒருவர்தான். அவர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீஸின் பிரசார உதவியாளர் வீரபாண்டி. பஜாரில் மிளகு மூட்டை சுமக்கிற தமிழர்களிடம் ‘இரண்டு போதும்’ என்று தமிழில் எடுத்துச் சொல்வது அவர் உத்தியோகம். ஊருக்கு இரண்டு என்று சொன்னவர், தம் வீட்டில் ஒன்றுகூட இல்லாமல் கட்டிக் காத்துவந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

கட்டிக் காத்தார் என்பது மேலதிகாரி ராமபத்ரன் சொன்னது. பாலக்காட்டுக்காரரான அவர், ஒவ்வொரு கூட்டத்திலும் வீரபாண்டியை எழுந்து நிற்கச் சொல்லி, “பார்த்துக்கோங்கோ, இதாக்கும் கட்டுப்பாடு” என்பார். வீரபாண்டி நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். கைதட்டல் ஓய்ந்து வீட்டுக்குப் போனதும் மனைவி மாயம்மாளிடம், “ஒன்னாலதான் எனக்கு இந்தத் தலையெழுத்து” என்பார். ஒரே விஷயத்துக்கு வெளியில் பெருமைப்படவும் வீட்டில் சலித்துக்கொள்ளவும் நம் ஆண்களுக்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

மாயம்மாளுக்கு வைத்தியம் முறைப்படி நடந்தது. விடிந்ததும் பாயைவிட்டு எழுந்திருக்காமல் வாயில் தெர்மாமீட்டரை வைத்து உடம்புச் சூட்டைப் பார்த்தாள். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். கர்ப்பப்பையை இரண்டு தடவை சுரண்டினார்கள். இடக்கொச்சி வைத்தியர் கொடுத்த கஷாயத்தில் நாக்கு செத்துப்போய், மீன்குழம்பு எது ரசம் எது என்று தெரியாமல் கிடந்தாள். வீரபாண்டி எல்லாவற்றுக்கும் லீவு போட்டுக் கூடவே போனார். லீவு போட்டதோடு தம் பங்கு முடிந்தது என்று மனதார நம்பினார்.

இதற்கிடையே சங்கரன்கோவிலிலிருந்து அவருடைய அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். சர்க்கார் வேலைக்காரன் ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டக் கூடாதாம். ஆகவே இருப்பவளைத் தைக்குள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொருத்தியைக் கட்டினால் வேலைக்கும் பங்கம் வராது, வம்சத்துக்கும் பங்கம் வராது. வீரபாண்டி “யோசிக்கேன்னு சொல்லு” என்றார். அடுப்படியில் நின்ற மாயம்மாள் காதிலும் அது விழுந்தது. யோசிக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ஜுமைலா புதிதாக வந்தார். மாயம்மாளின் எக்ஸ்ரேயையும் மற்றதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“குழாய் ரெண்டும் திறந்திருக்கு. மாசா மாசம் முட்டை பக்குவமாகுது. கர்ப்பப்பையிலயும் கேடில்லை. சேட்டனோட டெஸ்ட் எவிடே?” என்று வீரபாண்டியைப் பார்த்துக் கேட்டார்.

“எனக்கு எதுக்கு டெஸ்ட்டு? பிள்ளை பெறப்போறது அவல்லா?”

“பெறறது அவங்க. உண்டாகறதுக்கு ரெண்டு பேரும் வேணும். பிள்ளையில்லாத மூணு வீட்டுல ஒரு வீட்டுலயாவது ஆணுக்கும் குறை இருக்கும். அதைப் பார்க்கக் கத்தி வேண்டாம், வலியில்லை, ஒரு குப்பி போதும். இவங்களைச் சுரண்டறதுக்கு முன்ன அதைச் செஞ்சிருக்கணும்.”

“சீட்டு அவ பேருல போட்டதுல்லா டாக்டர். அவ பேருல தொடங்கினதை அவ பேருலயே முடிக்கதுதான் நடைமுறை.”

“அப்போ முடிஞ்சாச்சு. உங்க டெஸ்ட் வராம இனி நான் இவங்களைத் தொட மாட்டேன்.”

நடைமுறையே முடங்கிப்போனதால் வீரபாண்டி குப்பியோடு லேபுக்குப் போனார். அந்த லேபில் ஆண்கள் அப்படியொரு குப்பி கொண்டுவருவது ஒரே காரியத்துக்குத்தான். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், விந்தில் உயிரணு மிச்சம் இல்லை என்று உறுதிசெய்ய வருவார்கள். லேபில் இருந்த பரீத் குப்பியை வாங்கிக்கொண்டு வழக்கப்படி கேட்டான்.

“அண்ணாச்சி, ஆபரேஷன் கழிஞ்சு எத்தனை மாசமாச்சு?”

வீரபாண்டி திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் பஜார் ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் அவர் போதித்து ஆபரேஷனுக்கு அனுப்பியவர்கள்.

“மூணு மாசம்” என்றார்.

முடிவு வந்தது. பூஜ்யம். பரீத் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். “ஒண்ணுகூட இல்ல அண்ணாச்சி. இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல.”

அவர் ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டது. அந்த மாத ஆபரேஷன் இலக்குக்கு ஓர் ஆள் குறைந்து தூக்கம் கெட்டிருந்த ராமபத்ரன், மாலையோடு வாசலில் நின்றார். “எங்கிட்டகூடச் சொல்லலையே ஓய். பிள்ளையே வேண்டாம்னு ஆபரேஷன் பண்ணிண்டவன் இந்த ஜில்லாவிலேயே நீர் ஒருத்தன்தான்.”

உண்மையைச் சொல்ல அதுவே நல்ல சமயம். சொன்னால் குறையுள்ள ஆண். சொல்லாவிட்டால் தேசத் தியாகி. வீரபாண்டி தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார்.

“ரிசல்ட்டு என்ன?” என்று மாயம்மாள் கேட்டாள்.

“நல்ல ரிசல்ட்டு. மாலையெல்லாம் போட்டாவ.”

நல்ல ரிசல்ட் என்றால் குறை தன்னிடம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. சேலைகளைப் பெட்டியில் அடுக்கினாள். போகுமுன் டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்து சேலைகளை எடுத்துப் பழையபடி கொடியில் போட்டாள்.

அந்த வாரமே முனிசிபல் ஹாலில் பாராட்டு விழா நடந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் வாளி ஒன்று வழங்கப்படும். வீரபாண்டியை முதலில் மேடையேற்றிய ராமபத்ரன், தியாகத்தில் பாதி தியாகியின் மனைவிக்கும் உண்டு என்று சொல்லி, மாயம்மாளையும் அழைத்து மைக்கை நீட்டினார். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒரு ஆபரேஷனும் நடக்கல. நடந்ததெல்லாம் எனக்குத்தான். சாயம் விட்டது எனக்கு, சுரண்டுனது எனக்கு, கஷாயம் குடிச்சது நான். அவுகளுக்கு உயிரணு தானாவே இல்ல. எங்கயாவது அடைப்பு இருந்தா வைத்தியம் பண்ணலாம், மறுபடி சோதிச்சுப் பார்க்கணும்னு டாக்டரம்மா சொல்லுதாவ. ஆபரேஷன் பண்ணுன ஆளுன்னு எழுதியிருந்தா அந்த வைத்தியம் கிடைக்காதாம். இவுக வாயத் தெறக்கல. தைக்குள்ள என்னை ஊருக்கு அனுப்பப் பேச்சு நடக்கு. அதான் நாலு பேரு முன்னால சொல்லிட்டேன்.”

பூமி பிளந்து தம்மை வாங்கிக்கொள்ளாதா என்று வீரபாண்டி காலடியைப் பார்த்தார். மேடை பலகையால் ஆனது, ஆணியடித்து நன்றாகவே செய்திருந்தார்கள்.

ராமபத்ரன் மட்டும் கலங்கவில்லை. இலக்கு அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

“மகாஜனங்களே, சர்க்காருக்கு வேண்டியது கத்தியில்லை, பூஜ்யம். பூஜ்யம் வந்தாச்சு. வந்த வழியை விசாரிக்கறதுக்கு விதியில் இடமில்லை. யாருக்குப் பூஜ்யமானாலும் வாளி உண்டு.”

கைதட்டலில் ஹால் அதிர்ந்தது. வாளியை மாயம்மாள்தான் வாங்கிக்கொண்டாள்.

பதில் கேட்டு அம்மா மறுபடி அனுப்பிய ஆளிடம் வீரபாண்டி மறுநாள், “இங்கேருந்து அவளை அனுப்ப மாட்டேன். கொறை எங்கிட்ட” என்று சொல்லி அனுப்பினார். சொன்ன பிறகுதான் தெரிந்தது, இந்த ஒரு வார்த்தை வராததால்தான் அவள் இத்தனை வருஷம் கஷாயம் குடித்திருக்கிறாள் என்று. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை இருவரும் மறு சோதனைக்கு லேபுக்குப் போனார்கள். அங்கே வரிசை ரோடு வரைக்கும் நின்றது. கத்தி படாமல் வாளி கிடைக்கும் என்ற செய்தி பஜார் முழுக்கப் பரவியிருந்தது. ஐந்து பிள்ளை பெற்றவர்கள்கூட நப்பாசையில் வந்திருந்தார்கள். ஆனால் வரிசையில் பாதிக்கு மேல் டாக்டர் ஜுமைலாவிடம் நெடுநாளாக மருந்து சாப்பிடும் பெண்களின் புருஷர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டும் இத்தனை நாள் வராதவர்கள். பிள்ளைக்காகச் சோதனை என்றால் நமக்கு மானம் போய்விடும். வாளிக்காக என்றால் போகாது.

“அண்ணாச்சிக்குத்தான் கிடைச்சாச்சே, பின்ன எதுக்கு?” என்று பரீத் கேட்டான்.

வீரபாண்டி வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது.

“வீட்டுக்கு இன்னொரு வாளி வேணும்” என்றார். மாயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வரிசையின் கடைசியில் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். பக்கத்தில் அவர் சம்சாரம் பாக்கியலக்ஷ்மி, கையில் கஷாயக் குப்பியோடு. மாயம்மாள் குடித்த அதே இடக்கொச்சிக் கஷாயம்.

“சார், நீங்களா?” என்றார் வீரபாண்டி.

“ஆத்துல வாளி ஓட்டையாப் போச்சு ஓய்” என்றார் ராமபத்ரன். நூறு வாளி அடுக்கியிருந்த ஆபீஸ் அறையின் சாவி அவர் பூணூலில் தொங்கிக்கொண்டிருந்தது.