ஆதி தாளத்தில் ஓர் அமெரிக்கப் பாட்டு

இரும்புலியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சூர்யநாராயணனுக்கு,

உன் அத்திம்பேர் பட்டாபிராமன் ஆசீர்வதித்து எழுதுவது. நாக்பூரில் நீயும் மிருதுளாவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். உன் அக்கா காமுவும் சௌக்கியமாகத்தான் இருக்க வேண்டும். கேட்டுச் சொல்ல வழியில்லை, ஒரு வாரமாக அவள் என்னோடு பேசுவதில்லை. காபி வருகிறது, கூடவே "இந்தாங்கோ" வருவதில்லை. ஃபோனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மேல்மாடியில் கிறிஸ்டி என்று ஒருவர், காட்டாங்குளத்தூரில் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய அமெரிக்கப் பாட்டு என்றால் அவருக்கு உயிர். அவரும் மனைவி பியூலாவும் சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரைக் கூப்பிட்டு, ஒரே பாட்டை வெவ்வேறு பாடகர்கள் பாடியதை அடுத்தடுத்துப் போடுவார்கள். அப்புறம் முறுக்கு, அப்புறம் விவாதம். காமுவுக்குத் துணையாக நானும் போனேன். நம் கச்சேரி மாதிரி நிரவல் இல்லை, சங்கதி இல்லை, முதல் நாள் தூங்கிவிட்டேன். ஆனால் போகப் போகப் பிடிபட்டது. ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே பாடுகிற வரியை, இன்னொருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள் மாதிரிப் பாடுகிறார். மெட்டு அதேதான், சொல்லும் அதேதான். ஒருநாள் ஒரு பாடகி வயதான காலத்தில், குரலெல்லாம் தேய்ந்த பிறகு பாடியதைப் போட்டார்கள். முக்கால்வாசி பேச்சுதான். அன்றைக்கு முறுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கிறிஸ்டி தம்பதியின் கல்யாண நாள் வந்தது. அதற்கு ஒரு காதல் பாட்டுப் பாடக் காமு ஒப்புக்கொண்டாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் நாலு பேர் முன்னால் பாடியதில்லை, உனக்குத் தெரியும். ரசம் கொதிக்கக் கொதிக்க அவள் அந்த இங்கிலீஷ் வரிகளைப் பழகியதைக் கேட்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. குடியிருப்போர் சங்க ஹாலில் விழா. பின்னணி இசை ஒலிபெருக்கியில் ஓட, பட்டுப்புடவையில் நின்று காமு ஆரம்பித்தாள். முன் வரிசையில் நான். கை தானாகத் தொடைக்குப் போய்விட்டது, ஆதி தாளம் கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவது அடியில் அவள் பின்தங்கினாள். கட்டின பெண்டாட்டி தாளம் தவறி நிற்கும்போது எப்படிச் சும்மா இருப்பது? சத்தமாகத் தட்டினேன். அவள் இன்னும் பின்தங்கினாள். நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டினேன். பின்னாலிருந்து ஒருவர், "சார், பாட்டைக் கேக்க வுடுங்க சார்" என்றார். பாட்டு எப்படியோ முடிந்தது, கைதட்டலும் பலம்தான். காமு முகம் மட்டும் சிவந்திருந்தது.

கிறிஸ்டி என்னை எல்லோர் எதிரிலும் பிடித்துக்கொண்டார். "அவங்க தாளம் தப்பலை சார். வேணும்னுதான் பின்னாடி வந்தாங்க. பெரிய பாடகிங்க ஸ்டைலே அதுதான். புருஷன் பொண்டாட்டி ஸ்டேஷனுக்கு நடக்கறாப்பல. ஒருத்தர் முன்னாடி போவாங்க, ஒருத்தர் பின்னாடி வருவாங்க, ஏறப்போறது ஒரே ரயில்தான். நீங்க போய் கையைப் பிடிச்சு இழுத்துட்டீங்களே" என்றார். காமு தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான். நேற்று பியூலா வந்து, "அக்கா இனிமே பாடவே மாட்டேங்கறாங்க சார்" என்றாள். சமையலறையில் குக்கர் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. நீ ஃபோன் பண்ணி, அத்திம்பேருக்கு இப்போது புத்தி வந்துவிட்டது, இனி கையைக் கட்டிக்கொண்டு கேட்பார், நீ பாடு என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் பாட்டும் பேச்சும் என்றும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்,
பட்டாபிராமன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் காமு இதைப் படித்துவிட்டாள். படித்துவிட்டுப் பேசினாள். "கிறிஸ்டி சொன்னதை நம்பிட்டேளா? ரெண்டாவது அடி எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு. எங்கே நிக்கறேன்னே தெரியலை. நீங்க தட்டினதைப் பிடிச்சுண்டுதான் முடிச்சேன். உங்களை அவர் அத்தனை பேர் எதிர்ல சொன்னபோது, நான்தான் மறந்தேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதுக்கப்புறம் உங்க மூஞ்சியைப் பார்க்கவே வெட்கமாப் போச்சு" என்றாள். ஆகவே ஃபோன் வேண்டாம். நீ இங்கே வரும்போது கிறிஸ்டியிடமும் மூச்சு விடாதே, காமு பாடியதை அவர் பதிவு செய்து, அந்தப் பெரிய பாடகிகளுக்கு நடுவே போட்டு எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை காமு இன்னொரு பாட்டுப் பாடுகிறாள். நான் முன் வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.